பதத் தண்ணீர்

விருத்தாம்பாளிடம் யாரும் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டுச் சும்மா போய்விட முடியாது. மாடு சினையாக இருக்கிறது என்றால் எப்படித் தெரியும் என்பாள். நாளைக்கு மழை என்றால் யார் சொன்னது என்பாள். சோரியாங்குப்பத்தில் அவள் பிறந்த வீட்டுக்குப் பின்னால் பெண்ணையாறு ஓடியது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் பிரான்சுக்காரன், அந்தப் பக்கம் இங்கிலீசுக்காரன் என்று அவளுடைய அப்பா ஒருநாள் சொன்னாராம். "அப்போ நடுவுல ஓடுற தண்ணி யாருது?" என்று கேட்டாளாம் இவள். அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் இன்றுவரை தெரியாது.

இப்படிப்பட்டவளைச் செலியமேட்டில் கொண்டுபோய்க் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை அரங்கநாதன். கொஞ்சம் நெல்லும் கொஞ்சம் கரும்பும் சொந்தமாக உண்டு. ஆனால் அவனுக்கு ஊரில் பெயர் வாங்கிக் கொடுத்தது நிலம் இல்லை, பதம் பார்க்கும் கை. தை பிறந்து கரும்பு வெட்டத் தொடங்கினால் வயலோரத்தில் மாடு கட்டி ஆலை ஓட்டுவார்கள். பிழிந்த சாற்றைப் பெரிய இரும்புக் கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சுவார்கள். சாறு கொதித்து, நுரை கட்டி, சுண்டிப் பாகாகி வரும்போது "இறக்கு" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். கொஞ்சம் முந்தினால் வெல்லம் உறையாது. கொஞ்சம் பிந்தினால் கருகிப்போகும். ஊர்த் தலைவரான மேர் வீட்டுக் கரும்பானாலும் சரி, ஏழை வீட்டுக் கரும்பானாலும் சரி, அரங்கநாதன் வராமல் அந்தப் பக்கத்தில் அடுப்பு மூட்ட மாட்டார்கள்.

கலியாணமான இரண்டாம் வருஷம் பங்குனியில் அவனை ஆலையிலிருந்து வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். விலாவில் தொடங்கிய வலி தொடைவரை இறங்கியதாம். உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. வாந்தி வேறு. சிறுநீர் சிவப்பாகப் போனது. பத்து ஆள் வேலையை ஒற்றை ஆளாகச் செய்கிறவன் வாசலில் புழுதியில் புரண்டு அம்மாவைக் கூப்பிட்டு அழுதான். தையலம்மாள் என்கிற அந்த அம்மா கணவனைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்தவள். ஒரே மகன். அவள் பட்ட பாட்டை நான் சொல்லத் தேவையில்லை.

பாகூரிலிருந்து குழந்தைவேல் வைத்தியர் வந்து பார்த்தார். கல்லடைப்பு என்றார். நெருஞ்சிலையும் சிறுகண்பீளையையும் இடித்துப் பெரிய பானை நிறையத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சச் சொன்னார். வாழைத்தண்டுச் சாறு கொடுக்கச் சொன்னார். சிறுநீரைத் தரையில் விடாமல் சட்டியில் பிடிக்கச் சொன்னார். சில நாள் கழித்து ஒரு காலையில் சட்டியில் 'டிக்' என்று சத்தம் கேட்டது. மிளகில் பாதி அளவு, பழுப்பு நிறம், உடம்பெல்லாம் முள். அதோடு வலி போய்விட்டது.

அந்தக் கல்லை வெற்றிலை மேல் வைத்து ஊரே பார்த்தது. ஒருத்தர் தொட்டுப் பார்த்தார், ஒருத்தர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கல் எங்கிருந்து வந்திருக்கும் என்பதில் மட்டும் ஒருத்தருக்கும் சந்தேகம் இல்லை.

"சோத்துல இருந்த கல்லுதான். வேற எங்கேர்ந்து வரும்?"

இந்த "வேற எங்கேர்ந்து வரும்" என்ற பேச்சின்மேல் எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு. கேள்வி மாதிரி ஆரம்பித்துக் கேள்வியையே கொன்றுவிடுகிற பேச்சு அது. ஆனால் ஊரைச் சொல்லியும் குற்றமில்லை. மண் களத்தில் அடித்த நெல்லில் கல் இருக்கத்தான் செய்யும். அரிசியை முறத்தில் போட்டுப் புடைத்து, கண்ணால் பொறுக்கி, பிறகு தண்ணீரில் அரித்து உலையில் போட வேண்டும். சோற்றில் கல் கடிபட்டால் அது அந்த வீட்டுப் பெண்ணுக்கு அவமானம். செலியமேட்டில் தையலம்மாள் புடைத்த அரிசி என்றால் பிள்ளைக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஊட்டலாம் என்பார்கள். விருத்தாம்பாள் வந்த பிறகு இரண்டொரு தடவை அரங்கநாதன் கல் கடித்தது உண்மைதான்.

தையலம்மாள் மருமகள் கையிலிருந்து முறத்தைப் பிடுங்கினாள். எல்லாரும் பார்க்கத்தான் பிடுங்கினாள்.

"ஆத்து மணல்ல பொறண்டு வளந்தவ. மணலுக்கும் அரிசிக்கும் உனக்கு இன்னா வித்தியாசம் தெரியும்? இனிமே என் வூட்டு அரிசிய நீ தொடக்கூடாது. ஒரு வருசம் என் கையால புடைச்சு என் புள்ளைக்குப் போடறேன். அடுத்த கரும்பு வரைக்கும் அவன் கல்லில்லாம நல்லா இருந்தான்னா, குத்தம் உன்னுதுன்னு ஊருக்கே தெரிஞ்சிடும். அப்பறம் நீ உங்கப்பன் வூட்டுக்குப் போ. எங்கண்ணன் மவ கஸ்தூரி கீறா. கண்ணும் கையும் உள்ளவ."

வெறும் மிரட்டல் இல்லை அது. அந்தக் காலத்தில் பிள்ளையும் இன்னும் பிறக்காத ஒரு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு இன்னொருத்தியைக் கட்டிவைப்பது மாமியார் நினைத்தால் நடக்கிற காரியம். அரங்கநாதன் வாய் திறக்கவில்லை. நல்லவன்தான். அம்மாவுக்கு எதிரே பேசிப் பழகாதவன்.

விருத்தாம்பாள் அழுதாள். அழுது முடித்துவிட்டு, வெற்றிலையில் இருந்த கல்லை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அவளுக்குக் கோபத்தைவிடப் பெரியதாக ஒன்று உள்ளே குடைந்துகொண்டிருந்தது. ஒரே பானைச் சோற்றைத்தானே மூன்று பேரும் தின்கிறோம்? அத்தைக்கு வரவில்லை. எனக்கு வரவில்லை. இவருக்கு மட்டும் ஏன்?

முறத்தில் பொறுக்கிப் போட்ட கற்களிலிருந்து கொஞ்சம் எடுத்து, புருஷன் கல்லோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அரிசிக்கல் வழவழவென்று இருந்தது. இது முள்ளு முள்ளாக இருந்தது. பாகூருக்கு வண்டி போன ஒருநாள் இரண்டையும் வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். குழந்தைவேல் வைத்தியர் வெயிலில் பிடித்து உருட்டி உருட்டிப் பார்த்தார். அவருக்கும் இதில் ஓர் ஆசை வந்துவிட்டது.

"இது வெளிய இருந்து போன கல்லு இல்லம்மா. உள்ளயே வெளஞ்சது."

"எப்படி வெளையும் வைத்தியரே? நட்டு வச்சமா?"

"நீர் சுண்டினா வெளையும்னு எங்க பெரியவங்க சொல்லுவாங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

"நீங்க குடுத்த கசாயத்துல நெருஞ்சி கைப்பிடிதான் இருந்தது. மத்ததெல்லாம் தண்ணி. கல்லத் தள்ளினது நெருஞ்சியா, தண்ணியா?"

வைத்தியர் சிரித்துவிட்டார். "நல்லாக் கேட்ட. நான் ரெண்டையும் பிரிச்சுக் குடுத்துப் பாத்ததில்ல" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த மனிதரை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆடியில் ஐயனாருக்குக் கிடா வெட்டினார்கள். தலையை எடுத்துத் தோலை உரித்தபின் ஆட்டைப் பிரித்தவன் செல்லப்பன். கரும்புக் காலத்தில் கொப்பரை அடுப்புக்குச் சக்கை தள்ளுகிறவனும் அவன்தான். பெண்கள் எல்லாரும் பொங்கல் பானைப் பக்கம் இருக்க, விருத்தாம்பாள் மட்டும் ஆட்டுக்கு எதிரே வந்து குந்திக்கொண்டாள்.

"செல்லப்பா, இது துன்ன தழையெல்லாம் எது வழியாப் போவும்?"

"இந்தக் கொடலு வழியாதாம்மா."

"மூத்திரம்?"

செல்லப்பனுக்கு வெட்கமாகிவிட்டது. இருந்தாலும் காட்டினான். இரண்டு குண்டிக்காய், அதிலிருந்து இறங்குகிற நூல் மாதிரி இரண்டு குழாய், கீழே ஒரு பை. குடல் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். விருத்தாம்பாள் ஒரு குச்சியை வைத்துக் குடலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். குடலிலிருந்து அந்தப் பைக்குப் போக ஒரு கல் என்ன, ஒரு கடுகுக்கும் வழி இல்லை.

அவள் ஓடிப்போய் மாமியாரிடம் சொன்னாள். தையலம்மாள் கையில் கரண்டியோடு திரும்பினாள்.

"அது ஆட்டுக்கு. மனுசனும் ஆடும் ஒண்ணா? பொம்பளைக்கு இன்னாடி இந்தப் பார்வை?"

மனிதனைப் பிரித்துக் காட்ட யாராலும் முடியாது என்பதால் விருத்தாம்பாள் அதை அத்தோடு விட்டுவிட்டாள். ஆனால் பாதி விடை கிடைத்த சந்தோஷத்தில் அன்றைக்கு அவள் ஒரு பிடி அதிகமாகவே சாப்பிட்டாள்.

மீதிப் பாதி, தை மாதம் ஆலை ஓடத் தொடங்கியதும் கிடைத்தது. முறம் போனதில் அவளுக்கு ஒரு லாபம் இருந்தது. சமையல் மாமியார் கைக்குப் போனதால், ஆலை ஆட்களுக்குச் சோறு கொண்டுபோகிற வேலை இவள் தலைக்கு வந்தது. புருஷன் வேலை செய்கிற இடத்தை அவள் முதல்முறையாகப் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

வெயில் மேலே, அடுப்பு கீழே. கொப்பரையிலிருந்து எழும்பும் ஆவி முகத்தில் அடித்தது. அரங்கநாதன் இடுப்புத் துண்டோடு நின்று துடுப்புப் போட்டான். வியர்வை சொட்டுச் சொட்டாக இல்லை, வடிந்துகொண்டே இருந்தது. அடுப்பு வாயில் செல்லப்பனுக்கும் அதே சூடுதான். ஆனால் செல்லப்பன் பக்கத்தில் ஒரு கூழ்ப்பானை இருந்தது. ஒரு கை சக்கை தள்ளுவான், ஒரு வாய் கூழ்த் தண்ணீர் குடிப்பான். அடிக்கடி எழுந்து கரும்புக்குப் பின்னால் போய்விட்டு வருவான். அரங்கநாதன் போகவே இல்லை. அவள் சோற்றுக்கூடையோடு உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க அவன் அந்தப் பக்கம் போகவுமில்லை, ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கவுமில்லை.

அவன் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மண்தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. பதத் தண்ணீர். பாகை ஒரு சொட்டு அதில் விட்டு, விரலால் உருட்டி, பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்துத்தான் பதம் சொல்வான். நாள் முழுக்கக் கை அதற்குள்ளேயே போய்ப் போய் வந்தது.

"தண்ணி குடிக்க மாட்டீங்களா மாமா?"

"கொப்பரை இறங்கற வரைக்கும் பதம் போடறவன் வாய நனைக்கக் கூடாது. நனைச்சா பாகு எளவிடும், வெல்லம் எறுகாது."

"யாரு சொன்னது?"

"எங்கப்பா."

"அவரு நனைச்சுப் பாத்தாரா?"

"அடி இவளே, கொப்பரையில இருக்கறது ஊரான் கரும்பு. அத வச்சா நனைச்சுப் பாப்பாங்க?"

ஒரு கொப்பரை இறங்கியதும் அடுத்தது ஏறிவிடும். ஆக அவன் வாய் நனைவது பொழுது சாய்ந்துதான். வீட்டுக்கு வந்ததும் என்ன கேட்பான் என்பது அவளுக்குத் தெரியும். நாளெல்லாம் வெல்ல ஆவியை முகர்ந்த நாக்குக்கு உப்பு வேண்டும். சுட்ட கருவாடு, அதுவும் உப்புப் பூத்த கருவாடாக வேண்டும். கூடவே ஊறுகாய். தின்றுவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து அப்படியே சாய்ந்துவிடுவான்.

அவள் கொப்பரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் போல ஓடிய சாறு, சுண்டச் சுண்டப் பாகானது. மரத்தொட்டியில் ஊற்றியதும் ஓரத்தில் பொரபொரவென்று மணி கட்டியது. அதில் யாரும் வெளியிலிருந்து எதையும் போடவில்லை. இருந்த தண்ணீர் போனது, அவ்வளவுதான். வைத்தியர் சொன்ன 'நீர் சுண்டினால்' என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. "கண்டுபிடிச்சிட்டேன்!" என்று கத்த வேண்டும் போல இருந்ததாம்.

கத்தவில்லை. அடுத்த நொடியே வேறொன்றும் விளங்கிவிட்டது.

இவனைத் தண்ணீர் குடிக்க வைத்தால் கல் வராது. கல் வராவிட்டால் மாமியார் புடைத்த அரிசிதான் காப்பாற்றியது என்று ஊர் சொல்லும். குற்றம் இவளுடையது என்று ஆகிவிடும். கஸ்தூரி வந்துவிடுவாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால், இந்தக் கரும்பு முடிவதற்குள் அவன் மறுபடி புழுதியில் புரள்வான். அப்போது முறம் மாமியார் கையில் இருக்கும். இவள் தலை நிமிர்ந்துவிடும்.

வெறுங்கூடையோடு வீட்டுக்கு நடந்தாள். அடுத்த இரண்டு நாளும், இன்றைக்கு வந்துவிடாதா அந்த வலி என்று அவள் மனம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. இதை அவளே பிற்காலத்தில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறாள். மூன்றாம் நாள் ஆலையில் அரங்கநாதன் துடுப்பை வைத்துவிட்டு விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தாள். வெறும் பிடிப்புதான், உடனே விட்டுவிட்டது. ஆனால் அந்த ஒரு கணம் அவளுக்கு உயிரே போய்விட்டது. அவன் அழுத அழுகை காதில் கேட்டது. போகட்டும், சோரியாங்குப்பத்தில் ஆறு இருக்கிறது, அண்ணன் இருக்கிறான், சோறு கிடைக்காமலா போகும் என்று நினைத்துக்கொண்டாள்.

"மாமா, பதம் பாக்க உருட்டற உருண்டைய இன்னா பண்றீங்க?"

"கடிச்சுப் பாப்பேன்."

"தண்ணியிலேர்ந்து எடுத்த உருண்ட ஈரமாத்தான இருக்கும்?"

"ஆமா."

"அப்போ நாள் பூரா வாய் நனைஞ்சிகிட்டுத்தான கீது! பாகு எளவிச்சா?"

அரங்கநாதன் துடுப்பை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். அப்பாவும் அப்படித்தான் கடித்துப் பார்ப்பார் என்பது அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். உடம்பில் நீர் சுண்டித்தான் கல் விளைகிறது என்று அவள் சொன்னாள்; முதலில் சொந்தக் கரும்பு காய்ச்சும்போது குடித்துப் பார்க்கலாம் என்றாள். கெட்டால் நம்முடையது கெடட்டும். அந்தக் கரும்பு காய்ச்சிய அன்றைக்குப் பதத் தண்ணீர் தொட்டியிலிருந்தே கையால் அள்ளி, உருண்டை கடிக்கிற சாக்கில், பயந்து பயந்து குடித்தான். வெல்லம் இறுகி நின்றது.

அதன் பிறகு அவன் நிறுத்தவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டான். "யாருக்கும் தெரியக் கூடாது. கரும்பு உப்பு மண்ணுல வெளைஞ்சிருந்தாலும் வெல்லம் எளவும், மழையில நனைஞ்சாலும் எளவும். தெரிஞ்சிட்டா, எந்தக் கொப்பரை கெட்டாலும் என் வாயத்தான் சொல்லுவாங்க."

"கல்லு வந்தா என் மொறத்தச் சொல்ற மாதிரியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு துடுப்புப் போட்டான்.

விருத்தாம்பாள் தினமும் நல்ல கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து அந்தத் தொட்டியை நிரப்பினாள். கருவாட்டை மாமியாருக்குத் தெரியாமல் இரண்டு தண்ணீரில் ஊறப்போட்டு உப்பை இறக்கிவிட்டுத்தான் சுடக் கொடுத்தாள். பொழுது சாய்ந்து வந்தவனுக்கு நீர்மோர் கரைத்துக் கொடுத்தாள். வாழைத்தண்டு கிடைத்தால் பொரியல். அவனும் செல்லப்பன் மாதிரி அடிக்கடி கரும்புக்குப் பின்னால் போகத் தொடங்கினான். ஒருநாள் செல்லப்பன் கேட்டேவிட்டான்.

"ஆண்டே, இந்த வருசம் பதத் தண்ணி ரொம்ப சீக்கிரம் வத்துதே?"

"வெயிலு அதிகம்பா" என்றான் அரங்கநாதன்.

மாசி போய், பங்குனி போய், சித்திரையும் வந்தது. அரங்கநாதனுக்கு ஒரு வலியும் வரவில்லை. முகம்கூடத் தெளிந்திருந்தது. தையலம்மாள் முறத்தைச் சுவரில் மாட்டும்போதெல்லாம் அக்கம்பக்கத்துக்குக் கேட்கும்படி பேசினாள். "பாத்தீங்களா, என் கையி. ஒரு கல்லு போச்சா என் புள்ள வயித்துக்குள்ள?" சோரியாங்குப்பத்துக்கு ஆள் அனுப்பினாள். விருத்தாம்பாளின் அண்ணன் உலகநாதன் வந்து தங்கையைக் கூட்டிப்போக வேண்டும், கொஞ்ச நாள் அங்கே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினாள். கொஞ்ச நாள் என்பதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

விருத்தாம்பாள் ஒரே வார்த்தையில் தப்பித்திருக்கலாம். ஒருநாள் வாயைத் திறந்தும்விட்டாள். "அத்தே, அவரு ஆலையில..." என்று ஆரம்பித்துப் புருஷனைப் பார்த்தாள். அவன் முகம் வெளுத்திருந்தது. அவன் பிழைப்பே அந்தக் கொப்பரைதான். அவள் மிச்சத்தை விழுங்கிவிட்டுப் பாயைச் சுருட்டப் போனாள். அவன்மேல் அவளுக்கு வந்த கோபம் சாமானியக் கோபம் இல்லை. இவ்வளவு கேள்வி கேட்கத் தெரிந்த எனக்கு, இந்த ஆளை ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லையே என்று பெட்டியில் துணியை அடைத்தாளாம்.

உலகநாதன் வண்டி கொண்டுவந்த நாளில்தான் அந்த வருஷத்தின் கடைசிக் கொப்பரை. கரும்பு, மணவாளன் என்ற பெரிய நிலக்காரருடையது. கடைசிக் கொப்பரை என்றால் பெண்களும் ஏனம் எடுத்துக்கொண்டு வருவார்கள். அடுப்புக்குச் சூடம் காட்டி, இறக்கிய பாகில் ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றுவார்கள். தையலம்மாளும் ஒரு சொம்போடு வந்து நின்றாள். வயல் வரப்பில் வண்டி நின்றது. அதில் ஒரு தகரப்பெட்டியும் சுருட்டிய பாயும் இருந்தன. விருத்தாம்பாள், போவதற்கு முன் தொட்டிக்குக் கடைசியாக ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். புருஷனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அரங்கநாதன் வண்டியைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். பாகு பொங்கி அடங்கும் நேரம். துடுப்பைச் செல்லப்பன் கையில் கொடுத்தான். அம்மாவிடம் நேரே போய், அவள் கையில் இருந்த சொம்பை வாங்கினான். பதத் தண்ணீரில் முக்கி, அண்ணாந்து, கடகடவென்று குடித்தான். தண்ணீர் மார்பெல்லாம் வழிந்தது.

"டேய் அரங்கா! இன்னாடா பண்ற?" என்று மணவாளன் கத்தினார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தையலம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவன் இன்னொரு சொம்பும் முக்கிக் குடித்தான். பிறகு கையைத் துடைத்துவிட்டு, பாகை ஒரு சொட்டு எடுத்து உருட்டிக் கடித்துப் பார்த்தான்.

"இறக்கு" என்றான்.

இறக்கினார்கள். மரத்தொட்டியில் ஊற்றிக் கிண்டி அச்சில் வார்த்தார்கள். அன்றைக்குப் பாகு வாங்கிக்கொண்டு யாரும் வீட்டுக்குப் போகவில்லை. எல்லாரும் அச்சைச் சுற்றி நின்றார்கள். யாரோ ஒருத்தர் தொடப்போனார், இன்னொருத்தர் கையைத் தட்டிவிட்டார். உலகநாதன்கூட வண்டியை விட்டு வந்து எட்டிப் பார்த்தான். விருத்தாம்பாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அச்சுக்குப் பக்கத்தில் வந்தாள். கரும்பு எந்த மண்ணில் விளைந்ததோ, இன்றைக்கு என்று இளகிவிட்டால் என்ன செய்வது?

ஆறியதும் மணவாளன் கட்டைவிரலால் அழுத்தினார். அழுந்தவில்லை. அச்சைக் கவிழ்த்தார். வெல்லம் முழுசாக விழுந்தது. ஒரு துண்டு உடைத்து வாயில் போட்டு, நிதானமாக மென்று முடித்தார்.

"நல்ல வெல்லமாத்தான் கீது" என்றார் கடைசியில்.

"இந்த வருசம் எல்லா வெல்லமும் நான் தண்ணி குடிச்சிகிட்டு எறக்குனதுதான். கடலூரு சந்தையில எவனாவது கொற சொன்னானா?" என்று கேட்டான் அரங்கநாதன். செல்லப்பன் அடுப்பு வாயிலிருந்து, "அதானே பாத்தேன்" என்றான். அதற்கு எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

அவன் அம்மா பக்கம் திரும்பினான். "யம்மா, கல்லு வராதது உன் மொறத்தால இல்ல. போன வருசம் வந்தது இவ மொறத்தாலயும் இல்ல. நான் வறண்டு கெடந்தேன். இவதான் கண்டுபுடிச்சா. குடிச்சத வெளிய சொல்லாதன்னு நான்தான் இவ வாயக் கட்டிட்டேன்."

தையலம்மாள் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வருஷமாகத் தன் கையால்தான் மகன் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று நம்பியிருந்தவள். பார்க்கப் பாவமாக இருந்தது.

"அப்போ ஒரு வருசமா நான் புடைச்சதெல்லாம்?" என்றாள் மெதுவாக.

"நல்ல சோறு துன்னோம் அத்தே" என்றாள் விருத்தாம்பாள்.

உலகநாதனுக்கு ஒன்றும் புரியவில்லை. "அத்தே, வண்டிய நான் இன்னா பண்ணட்டும்?" என்று கேட்டான். தையலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன்மேல் எரிந்து விழுந்தாள். "அவுத்துக் கட்டுடா. மாடு வெயில்ல நிக்குது பாரு. அதுக்குத் தண்ணி காட்டு."

ஒரு வருஷம் கல் வராததை வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது என்று படித்தவர்கள் சொல்வார்கள். சரிதான். விருத்தாம்பாளுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. பிறகு அவள் பிள்ளைப்பேற்றுக்குச் சோரியாங்குப்பம் போயிருந்த கரும்புக் காலத்தில், கேட்க ஆளில்லாமல் அரங்கநாதன் பழையபடி தண்ணீரை மறந்து, உப்புக் கருவாட்டை மொக்கி, இன்னொரு கல்லை விளைவித்துக்கொண்டான். அப்போதுதான் அவளுக்குத் திருப்தி வந்ததாம். அந்தக் கல்லையும் வாங்கி முடிந்து வைத்துக்கொண்டாள். அதன் பிறகு அவன் மறக்கவில்லை. பாகூர்ப் பக்கத்தில் மற்ற பதக்காரர்களும் ஒவ்வொருவராகக் கொப்பரைப் பக்கத்தில் குடிக்கிற சொம்பு வைக்க ஆரம்பித்தார்கள். கஸ்தூரிக்கு வேறு நல்ல இடத்தில் கலியாணம் நடந்தது. விருத்தாம்பாள் போய்ப் பந்தி பரிமாறிவிட்டு வந்தாள்.

ஆனால் எனக்குப் பிடித்தது அந்தக் கடைசிக் கொப்பரை நாளின் சாப்பாடு. ஆலையிலிருந்து வந்ததும் தையலம்மாள் சுவரில் மாட்டியிருந்த முறத்தை எடுத்து, மருமகள் எதிரே வைத்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு விருத்தாம்பாள் அரிசியைத் தொட்டாள். கை பழக்கம் விட்டுப்போயிருந்தது, கண்ணிலும் நீர் நின்றது. எப்படியோ புடைத்து, அரித்து, உலையில் போட்டு வடித்தாள். விளக்கு வைத்ததும் மகனையும் உலகநாதனையும் உட்காரவைத்துத் தையலம்மாள் தானே பரிமாறினாள். எல்லாரும் பசியோடு சாப்பிட்டார்கள்.

அரங்கநாதன் இரண்டாவது வாய் வைத்தான். 'கடக்' என்று கேட்டது.

அவன் வாயில் கல்லோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். விருத்தாம்பாள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். எல்லாரும் தையலம்மாளையே பார்த்தார்கள். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர்ச் சொம்பை மகன் பக்கம் தள்ளினாள்.

"இன்னாடா முழிக்கற? கல்லத் துப்பு. துப்பிட்டுத் தண்ணியக் குடி."